வாங்கின கை



உபவாச ஜெபம் முடிந்ததும் ஒரு சகோதரி (பெயர் வேண்டாம்) என்னிடம் வந்தார்கள். வட்டி கட்ட வழியில்லாத குடும்பம். "ஐயா, ஓட்டுக்குக் கொடுக்கிற பணத்தை வாங்கிக்கிட்டு, ஓட்டை மட்டும் மனசாட்சிப்படி போட்டா பாவமா? நம்ம வரிப்பணந்தானே?"

சட்டப்படி கொடுத்தவர் மட்டுமல்ல, வாங்கினவரும் குற்றவாளி. 2019-ல் பணம் பிடிபட்டதால் வேலூரில் பாராளுமன்றத் தேர்தலையே நிறுத்தினார்கள். பரிதானம் வாங்கினவனுக்குக் கண் இருந்தும் பார்வை போய்விடும் என்று யாத்திராகமம் 23:8-ல் கர்த்தர் எச்சரிக்கிறார்.

ஆனாலும் நான் உடனே பதில் சொல்லவில்லை. நம் சபையில் சுற்றுகிற ஆறு பேன்களும் ஒரு தேர்தல் சமயத்தில் வந்தவை. கொடுத்தவர் ஓட்டுக் கேட்கவில்லை, ஜெபிக்கத்தான் சொன்னார். நானும் தலையில் கை வைத்து ஜெபித்தேன். பிறகு அவருடைய ஆட்கள் ஏரியில் மண் அள்ளினபோது ஊரே பேசிற்று. நான் பேசவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. எனக்குப் பேசவே தோன்றவில்லை. அந்தக் குருட்டாட்டம் இதுதான்.

தானியேலைப் பாருங்கள். பெல்ஷாத்சாரின் வெகுமானத்தை முதலில் வேண்டாமென்று தள்ளினான், அப்புறந்தான் சுவரிலிருந்த எழுத்தை வாசித்தான் (தானி. 5:17). பிற்பாடு ராஜா அவனுக்குச் சரப்பணி போட்டது வேறே விஷயம்.

அடுத்த ஞாயிறு அந்தச் சகோதரியிடம் முதலில் பேன் கதையைச் சொன்னேன். பிறகுதான், "வாங்காதீங்கம்மா" என்றேன்.

"அப்போ வட்டிக்கு, ஐயா?"

வெள்ளிக்கிழமை மூப்பர்கள் இதற்காகக் கூடுகிறோம். பேன்களின் விலையையும் அன்றைக்குக் கணக்குப் பார்க்கவேண்டும்.