செய்யாத செயலுக்கு வினைப்பயன் உண்டா?

கோவில்பட்டியைச் சுற்றிய கரிசல் ஊர்களில் ஒன்று கலிங்கப்பட்டி. அந்த ஊர்க்காரரான வைகோ 2002 ஜூலையில் பொடா என்னும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். திருமங்கலம் கூட்டத்தில் விடுதலைப் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்பது குற்றச்சாட்டு. தீர்ப்பே வராமல் 19 மாதங்கள் சிறையில் கழிந்தன. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த கூட்டணியில் அவரது கட்சியும் இருந்தது என்பது கசப்பான உண்மை.

1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. குற்றச்சாட்டே தேவையில்லை, ஒருவர் இனிமேல் ஏதாவது செய்யக்கூடும் என்ற அச்சம் போதும், 12 மாதங்கள் வரை அடைத்துவைக்கலாம். அந்தக் காவலை ஆராயும் ஆலோசனைக் குழுவின் முன் வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமையும் கிடையாது.

இது அறமா?

கழுகுமலைப் பாறையில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய சமணர்களும், பௌத்தர்களும், சைவர்களும் வினையைப் பற்றி ஓயாமல் வாதிட்டவர்கள். செய்யாத வினையின் பயன் ஒருவரை வந்தடையும் என்று அவர்களில் யாரும் சொல்லவில்லை. எண்ணத்தையே வினையாகக் கொள்ளும் பௌத்தம்கூட அடுத்தவரின் ஊகத்தை வினையாகக் கொள்ளவில்லை.

குண்டு வெடிக்கும்வரை காத்திருப்பதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் சதி செய்வதே குற்றம். சான்று இருந்தால் நீதிமன்றம் இருக்கிறது. சான்று இல்லாதபோதுதான் இந்தச் சட்டம் தேவைப்படுகிறது.

விசாரிக்காமல் கோவலனைக் கொன்ற பாண்டியன், பிழை தெரிந்ததும் உயிரையே விட்டான். இன்று தடுப்புக்காவல் ஆணையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தால், போன மாதங்களுக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

பயங்கரவாதத்துக்குத் துணைபோகும் நோக்கமில்லாத வெறும் ஆதரவுப் பேச்சு பொடாவில் குற்றமாகாது என்று உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் விளக்கியது. 2004இல் பொடா நீக்கப்பட்டது. தேசியப் பாதுகாப்புச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதுவும் நீக்கப்பட வேண்டும்.