ஆமாம், இல்லை, கொஞ்சம் பொறுங்க

உங்கள் ஆபீஸில் ஒரு டிராவல் பில் பாஸாக எத்தனை நாள் ஆகிறது? மேஜைக்கு மேஜை நகர்ந்து, நடுவில் ஒருத்தர் லீவில் போய், கடைசியில் 'எந்த பில்லுங்க?' என்று உங்களையே கேட்பார்கள்.

இந்த அலைச்சலுக்கு மருந்து வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2016-ல் 'ஃப்ளோ' என்று கொண்டுவந்து, 2019-ல் 'பவர் ஆட்டோமேட்' என்று பேர் மாற்றிய சாதனம் ஓர் உதாரணம். நம்ம ஸோஹோவின் 'கிரியேட்டர்' 2006-லேயே வந்தது. 'லோ-கோட்' என்பார்கள். புரோகிராம் எழுதத் தெரியவேண்டியதில்லை. கட்டங்களை வரிசையாக வைத்துக் கோடு இழுத்தால் போதும்.

ஆரம்பிப்பது சுலபம். முதல் கட்டம், டிரிகர்: ஃபாரம் வந்ததும் வேலையைத் தொடங்கு. அடுத்தது, கண்டிஷன்: தொகை 5,000 ரூபாய்க்குள்ளா? ஆமாம் என்றால் அக்கவுண்ட்ஸுக்கு மெயில் போகட்டும். இல்லை என்றால் மேனேஜருக்குப் போகட்டும். ஒரு மத்தியானத்தில் செய்து பார்த்துவிடலாம்.

ஆனால், அந்தக் கண்டிஷன் கட்டத்தை நிரப்பும்போது நீங்கள் செய்வது என்ன தெரியுமா? ஒரு குட்டிச் சட்டம் போடுகிறீர்கள். முகம் தெரியாத பல பேருக்கு, அவர்களைக் கேட்காமலே.

பெரிய அளவில் இது எங்கே போய் முடியும் என்பதற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். அங்கே அரசு உதவித்தொகையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அந்த இரண்டு வார வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பார்கள். 'ரோபோடெட்' என்று பின்னால் பேர் வாங்கிய திட்டத்தில், வருடத்து வருமானத்தை 26-ஆல் வகுத்து, 'நீங்கள் கூடுதலாக வாங்கிவிட்டீர்கள், திருப்பிக் கட்டுங்கள்' என்று நோட்டீஸ் போனது. ஆறு மாதம் வேலை பார்த்து, ஆறு மாதம் சும்மா இருந்தவர், கணக்கில் வருடம் முழுக்கச் சம்பாதித்தவராகிவிட்டார். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு! லட்சக்கணக்கானவர்கள் மாட்டினார்கள். இந்தக் கணக்கு சட்டப்படி செல்லாது என்று 2019-ல் கோர்ட்டில் முடிவானது. 2023-ல் ராயல் கமிஷன் அறிக்கை திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது.

கம்ப்யூட்டர் தப்பு செய்ததா? இல்லீங்க. சொன்னதை அப்படியே செய்தது. அதுதான் பிரச்னை.

'அப்ப மனுஷங்களே தேவலையா?' என்று கேட்பீர்கள். அப்படியும் சொல்ல முடியாது. இயந்திரம் ஜாதி கேட்பதில்லை, மேஜைக்கு அடியில் கை நீட்டுவதில்லை, சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுவதில்லை. அது பெரிய நியாயம். ஆனால், ஒரு நல்ல குமாஸ்தாவிடம் இருக்கிற ஒன்று அதனிடம் இல்லை: தயக்கம். 'சார், இவங்க விஷயத்துல இது சரியா வராதே' என்று ஃபைலைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்கிறாரே, அது. வேலைக்கு இடைஞ்சல் என்று நாம் நினைப்பது பல சமயம் மனசாட்சிதான்.

தயக்கத்தை இயந்திரத்துக்கும் கற்றுக்கொடுக்கலாம். ஜப்பானில் சகிச்சி டொயோடா 1924-ல் முடித்த தானியங்கித் தறி, நூல் அறுந்தால் தானாக நின்றுவிடும். டொயோட்டா கம்பெனி இதை 'ஜிடோகா' என்கிறது. தானியங்கி என்பதற்கான ஜப்பானியச் சொல்லில் 'மனிதன்' என்ற சின்னக் குறியைக் கூடுதலாகச் சேர்த்து எழுதுகிறார்கள்.

நீங்களும் முதல் ஃப்ளோவிலேயே மூன்றாவதாக ஒரு வழி வையுங்கள். ஆமாம், இல்லை, கொஞ்சம் பொறுங்க. ராத்திரி இரண்டு மணிக்கு ஆட்டோ பிடித்து வந்தவரிடம் ரசீது இருக்காது. அவர் பில் அந்த வழியில் போகட்டும். அதன் முடிவில் ஒரு மனிதரின் பேரும் போன் நம்பரும் இருக்கட்டும். அவருக்கு முடிவெடுக்க அதிகாரமும், படித்துப் பார்க்க நேரமும் கொடுங்கள். ஒரு நாளைக்கு முந்நூறு தடவை 'அப்ரூவ்' அழுத்துகிறவரும் இன்னொரு கட்டம்தான்.

கவுன்ட்டர்களில் 'சிஸ்டம் ஒத்துக்கலீங்க' என்று எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! இனி உங்கள் ஆபீஸில் யாராவது அப்படிச் சொன்னால் ஞாபகம் வையுங்கள்: ஒத்துக்கொள்ளாதது சிஸ்டம் இல்லை, நீங்கள்.