ஊர்ப்படி

சம்பளத்தைப் பற்றி எழுதுவது நம் வட்டத்தில் கௌரவக் குறைச்சல். மரணத்தைப் பற்றி எழுதலாம். தனிமையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதலாம். சம்பளம் என்றால் மட்டும் அது தொழிற்சங்கக் காரியம் என்று ஒதுங்கிவிடுகிறோம். பகலெல்லாம் பிறத்தியார் பணத்தை எண்ணுகிறவன் என்பதால் எனக்கு இந்தக் கூச்சம் கொஞ்சம் குறைவு. தவிரவும், நான் சொல்ல வந்த சம்பளத்தில் மரணம், தனிமை இரண்டுமே இருக்கின்றன.

என் சித்தி மகள் அமெரிக்காவில் மயக்கமருந்து நர்ஸ். நம் ஊரில் அது டாக்டரின் வேலை. அங்கே, தீவிர சிகிச்சைப் பிரிவில் அனுபவப்பட்ட ஒரு நர்ஸ் மேலும் சில வருஷங்கள் படித்து இந்தத் தொழிலுக்கு வருகிறாள். ஆளைத் தூங்க வைப்பது, அறுவை முடியும்வரை மூச்சையும் நாடியையும் காப்பது, பிறகு எழுப்புவது எல்லாம் அவள் பொறுப்பு. பழைய தொழில்தான். மினசோட்டா மாநிலத்து ராசெஸ்டரில், மேயோ சகோதரர்களின் அறுவைக்கூடத்தில் ஈதர் கொடுத்துவந்த ஆலிஸ் மகா என்ற நர்ஸ், தாம் பார்த்த 14,000க்கு மேற்பட்ட மயக்கங்களைப் பற்றி 1906ல் ஒரு கட்டுரை எழுதினார். மயக்கத்தால் நேர்ந்த சாவு அதில் ஒன்றுகூட இல்லை. மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டபடியே நோயாளிக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார். பேச்சும் மருந்தில் சேர்த்தி என்பது அவர் கட்சி.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி சித்தி மகள் போன் செய்தாள். "அண்ணா, ரெண்டு எடத்துல வேலை வருது. ஒண்ணு பாஸ்டன்ல, பெரிய ஆஸ்பத்திரி. இன்னொண்ணு நெப்ராஸ்காவுல, சோளக்காட்டு நடுவுல, இருபத்தஞ்சே படுக்கை. அந்தச் சின்ன ஊர்லதான் சம்பளம் ஜாஸ்தி. இது எப்படிண்ணா?"

நான் முதலில் நம்பவில்லை. பாங்க் குமாஸ்தாவின் மூளை அப்படி. நான் வேலையில் சேர்ந்தபோது வீட்டு வாடகைப்படியை ஊரின் ஜனத்தொகை பார்த்து வகுத்திருந்தார்கள். மாநகரத்துக்கு உசத்தி, சிற்றூருக்கு மட்டம். 2020 உடன்பாட்டில்தான் அது எல்லா ஊருக்கும் ஒரே சதவீதமாயிற்று. பெரிய ஊருக்கு அதிகம், சின்ன ஊருக்குக் குறைவு என்பது என் ரத்தத்தில் ஊறிப்போன விஷயம். அதற்கு எதிர்த்திசையில் நான் அறிந்தது மலைப்படி ஒன்றுதான். கடல் மட்டத்துக்கு மேல் 1,000 மீட்டரில் ஆரம்பித்து, உயரம் ஏற ஏறக் கூடுவது. ஒரு மலையூர்க் கிளையில் இரண்டரை வருஷம் இருந்து நானும் அதை வாங்கியிருக்கிறேன். கம்பளிக்கும் கரிக்கும் என்று கொடுத்த காசில் புஸ்தகம் வாங்கினேன்.

சம்பளம் எதற்கு என்ற கேள்விக்கு நியாயமான இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, பிழைப்பதற்கு. அப்படியானால் வாடகை பிடுங்கித் தின்னும் பாஸ்டனில் அதிகமும் சோளக்காட்டில் குறைவாகவும் இருக்கவேண்டும். இரண்டு, செய்த வேலைக்கு. அப்படியானால் இரண்டு இடத்திலும் சமமாக இருக்கவேண்டும். புரோபஃபால் என்கிற வெள்ளை மருந்து எந்த ஊரிலும் வெள்ளைதான். மூச்சு நின்றுபோனால் மூளைக்குக் கிடைக்கும் அவகாசம் எந்த மாநிலத்திலும் சில நிமிஷம்தான். அவளுக்கு வந்த சம்பளமோ இந்த இரண்டு பதிலுக்கும் அடங்கவில்லை. (சிற்றூர் எல்லாமே அதிகம் தருகிறது என்று சொல்ல வரவில்லை, அள்ளித் தரும் நகரங்களும் உண்டு. பொதுவாகவே அங்கே பெரிய தொகைதான்: 2023ல் இந்தத் தொழிலின் வருஷச் சம்பளத்துக்கு நாடு முழுவதற்குமான நடுமதிப்பே 2,12,000 டாலருக்கு மேல்.)

ஆடம் ஸ்மித் 1776லேயே இதைத் தொட்டிருக்கிறார். வேலையின் அருவருப்பு, கற்றுக்கொள்ளும் சிரமம், பிறர் அவனிடம் வைக்கவேண்டிய நம்பிக்கை என்று கூலி வித்தியாசத்துக்குக் காரணங்களை அடுக்குகிறார். தூக்கிலிடுபவனுக்கு ஏன் கூலி அதிகம் என்பதையும் அதில் சொல்கிறார். ஆனால் அவர் பேசும் அருவருப்பு வேலையில் இருப்பது. என் சித்தி மகளின் விஷயத்தில் வேலை அதேதான். ஊர்தான் யாரும் தொட விரும்பாத வேலையாகிவிட்டது. டாக்டர்கள் வர மாட்டார்கள். பல கிராமப்புற ஆஸ்பத்திரிகளில் மயக்கம் கொடுக்க இந்த நர்ஸை விட்டால் வேறு ஆள் இல்லை. டாக்டரின் மேற்பார்வை கட்டாயம் என்ற மத்திய அரசு விதியிலிருந்து மாநிலங்கள் விலகிக்கொள்ளலாம் என்று 2001ல் அனுமதித்தபோது முதலில் விலகியது ஐயோவா. அதுவும் சோளக்காட்டு மாநிலம்தான்.

எனக்கு இதில் மிகவும் சுவாரஸ்யமாகப் பட்டது அமெரிக்க அரசின் மனச்சாட்சி வேலை செய்த விதம். மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதானவர்களுக்கான அரசுக் காப்பீடு. அது தரும் கட்டணத்தை உழைப்பு, நடத்தும் செலவு, வழக்கு வந்தால் காக்கும் இன்ஷூரன்ஸ் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஊருக்குத் தக்கபடி ஏற்றி இறக்குகிறார்கள். கடைசி இரண்டில் சிக்கல் இல்லை. உழைப்பை என்ன செய்வது? ஒரே உழைப்புக்கு ஊருக்கு ஊர் விலை என்பதை ஒப்புக்கொள்ள 1989ல் சட்டம் செய்தவர்களுக்கு மனசு வரவில்லை. முழுக்க மறுக்கவும் துணிவில்லை. ஊர் வித்தியாசத்தில் கால் பங்கை மட்டும் உழைப்பில் சேர்த்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள். முக்கால் சமத்துவம்! பிற்பாடு, எந்த ஊரின் உழைப்பும் சராசரிக்குக் கீழே போகக்கூடாது என்று 2004 முதல் ஒரு தரைமட்டம் போட்டார்கள். தவணை முடிவதும் மறுபடி நீட்டிப்பதுமாக அது ஓடிவந்திருக்கிறது. அலாஸ்காவுக்கு மட்டும் 2009 முதல் ஒன்றரை மடங்கு. தத்துவத்தில் தீராததைப் பின்னத்தில் தீர்த்துவிடுவது குமாஸ்தாக்களின் கைவேலை. எனக்கு அந்தக் கை பழக்கமானது.

ஆனால் என்னை உறுத்துவது வேறு. மலையூரில் எங்களுக்குச் சமைத்துப்போட்ட பெரியவர் ஒருநாள் கேட்டார்: "இங்க இருக்கறதுக்குன்னே உங்களுக்குத் தனியாக் காசு தர்றாங்களாமே சார்?" அவர் அங்கேயே பிறந்தவர். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அவருக்கும் எனக்கும் ஒரே குளிர். அந்தக் குளிர் எனக்கு நஷ்டம், ஈடு கட்டவேண்டியது. அவருக்கு அது ஊர். அந்தப் படியை வாங்கும்போதெல்லாம் அவர் பிறந்த இடத்தைப் பற்றி ஒரு அபிப்ராயத்துக்கு நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. சோளக்காட்டு மனிதர்கள் தங்கள் ஆஸ்பத்திரி விளம்பரத்தில் அந்தத் தொகையைப் படிக்கும்போது என்ன நினைப்பார்கள்? இங்கே வந்து இருப்பதற்கு இவ்வளவு கொடுக்கவேண்டியிருக்கிறது என்றுதானே?

சரி, எல்லா ஊருக்கும் ஒரே சம்பளம் என்று வைத்துவிடலாம். நம்மில் சிலர் இதைத்தான் சொல்வார்கள். நானும் சங்கக் கூட்டத்தில் சொல்லியிருக்கிறேன். வைத்தால் அந்த ஊருக்கு ஒருத்தியும் போகமாட்டாள். பிரசவம் சிக்கலாகி வயிற்றைக் கீறவேண்டிய பெண், மயக்கம் கொடுக்க ஆளில்லாமல் நூறு மைல் ஆம்புலன்ஸில் போவாள். சமத்துவத்துக்கான விலையை நானா கொடுக்கப்போகிறேன்? அவள் கொடுப்பாள். அவமானமும் அவசியமும் ஒரே நாணயத்தில் அச்சாகி வருகின்றன. ஒன்றை மட்டும் செலவழிக்க முடியவில்லை. இதையும் சொல்லிவிடுகிறேன்: மலையூரில் இரண்டு வருஷம் முடிந்த மறுநாளே மாறுதலுக்கு மனுப் போட்டவன் நான். என் இடத்துக்கு ஆள் வர ஐந்து மாசமாயிற்று. பென்ஷன்காரர்கள் ஒரே கவுன்ட்டரில் நின்றார்கள்.

அவள் நெப்ராஸ்காவுக்குத்தான் போனாள். காசுக்காகத்தான் போனேன் என்று ஒளிக்காமல் சொல்கிறாள். போன மாசம் பேசினாள். ராத்திரி கூப்பிட்டால் இருபது நிமிஷத்தில் போய் நிற்கவேண்டுமாம். மாட்டுத் தீவனக் கடை அம்மாளுக்குக் குடலிறக்கம். மறு வாரம் கடையில் அந்த அம்மாள் இவள் கையைப் பிடித்து, தூங்குகிற நேரத்தில் தான் என்ன உளறினேன் என்று கேட்டாளாம். "பாஸ்டன்ல இருந்திருந்தா ஒரு மூஞ்சியும் ஞாபகம் இருக்காதுண்ணா. இங்க கடைத்தெருவுல பாதிப் பேர் நான் தூங்க வெச்சவங்க" என்றாள். பனிக்காலத்தில் மட்டும் பேச ஆளில்லாமல் பைத்தியம் பிடிக்கிறதாம்.

ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. பாஸ்டனிலிருந்து மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள். இங்கேயே இரு, இன்னும் கூட்டித் தருகிறோம் என்று இவர்கள் சொல்கிறார்கள். "எவ்வளவு கூட்டிக் கேட்டா நியாயம்ணா?" என்றாள். நான் அங்கே வருமான வரி எப்படி, வீட்டைச் சூடாக்க மாசம் என்ன ஆகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தேன்.