கவனித்துப் பாருங்கள்



மலைப்பொழிவிலே நம் ஆண்டவர் கவலையைப் பற்றிப் பேசிய பகுதியை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். என்ன உண்போம், எதை உடுப்போம் என்று ஏங்கி அலையாதீர்கள் என்பது அதன் சாரம். அதைக் கேட்டதும் சிலருக்கு ஆறுதல் பிறக்கிறது. சிலருக்கோ, சாமான் விலை ஏறிக்கிடக்கும் இந்நாளில் கவலைப்படாமல் எப்படி இருப்பது என்ற முணுமுணுப்பும் எழுகிறது. ஆனால் அந்த இடத்திலே ஆண்டவர் தருவது ஒரு கட்டளையன்று, இரண்டு. கவலைப்படாதீர்கள் என்பது ஒன்று. வானத்துப் பறவைகளையும் வயல்வெளிப் பூக்களையும் கவனித்துப் பாருங்கள் என்பது மற்றது. முதற் கட்டளைக்கு எத்தனையோ மறையுரைகள் உண்டு. இரண்டாவதையோ, பேச்சுக்கு அழகு சேர்க்க வந்த உவமை என்று தாண்டிப் போய்விடுகிறோம்.

மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்திலே, பூக்களைப் பற்றிய இடத்தில் கிரேக்க மூலத்தில் வரும் சொல், போகிற போக்கில் ஒரு பார்வை பார்ப்பதைக் குறிப்பதன்று. ஊன்றிப் பார்த்து நன்றாகக் கற்றுக்கொள்ளுதல் என்பது அதன் பொருள். 'சீடன்' என்பதற்குக் கிரேக்கத்தில் வழங்கும் சொல்லும் அதே வேரிலிருந்து பிறந்ததே. அப்படியானால் வேலியோரத்துப் பூவின் முன்னே நிற்கும்போதும் நாம் சீடர்களே. மிருகங்களைக் கேள், பறவைகளைக் கேள், அவை உனக்குக் கற்பிக்கும் என்ற கருத்தை யோபு நூலும் சொல்கிறது.

நம் தமிழிலோ இந்தக் 'கவனித்தல்' என்ற சொல்லுக்கு இன்னும் ஒரு பேறு உண்டு. 'பாடத்தைக் கவனி' என்றால் பார்த்துக் கேட்டு அறிந்துகொள் என்று பொருள். 'நோயாளியைக் கவனி', 'வந்தவர்களைக் கவனி' என்றால் பேணு, உபசரி என்று பொருள். பார்ப்பதையும் பேணுவதையும் நம் முன்னோர் ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். பார்க்காதவன் பேணமாட்டான், பேண மனமில்லாதவன் உண்மையில் பார்த்தவனும் அல்லன்.

மாரி விரிக்கும் பாடநூல்

மேல்நாடுகளில் ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் இலையுதிர் காலம். நமக்கோ அவை மாரி பிறக்கும் காலம். செபமாலை மாதம் முடிந்து, மரித்தோரை நினைவுகூரும் மாதம் தொடங்கும் இந்த நாட்களிலேதான், மாதக்கணக்காய் வெயிலில் காய்ந்து கிடந்த நம் வடபுலத்து மண் உயிர்பெற்று எழுகிறது.

முதற் பெருமழை விட்ட காலையில் மணல் ஒழுங்கையொன்றில் குனிந்து பாருங்கள். சிவப்பு வெல்வெட்டில் வெட்டி எடுத்த சிறு துண்டுபோலத் தம்பளப் பூச்சி ஊர்ந்து செல்லும். நெருப்புப் பெட்டிக்குள் அதை வைத்து விளையாடாத பிள்ளைப் பருவம் நம்மவரில் எத்தனை பேருக்கு உண்டு? ஆனால் அதன் கால்களை எண்ணிப் பார்த்தவர் சிலரே. பூச்சிகளுக்குக் கால் ஆறு, இதற்கோ எட்டு. பெயரில் பூச்சியாயினும் இது சிலந்தியின் உறவு. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, மழையின் அழைப்பைக் கேட்டு மேலே வருகிறது. ஒருவரும் காணாத இருட்டிலே வாழும் ஓர் உயிருக்கு இத்தனை பட்டாடை எதற்கு? சாலமோனின் ஆடையை ஆண்டவர் ஏன் வயல்வெளிப் பூவோடு ஒப்பிட்டார் என்பது அந்த ஒழுங்கையில் விளங்கும்.

எழுந்து வேலியைப் பாருங்கள். கார்த்திகைப் பூ ஏறியிருக்கும். அக்கொடி ஏறுவதற்கு இலையின் நுனியே சுருண்டு கொளுக்கியாகிவிடுகிறது. மொட்டு தலைகவிழ்ந்து தொங்குகிறது. விரியும்போது இதழ்கள் பின்புறமாய் வளைந்து மேல்நோக்கி எழுகின்றன. பச்சை கலந்த மஞ்சளாய்ப் பிறந்து, நாளாக நாளாகத் தீயின் செம்மையை அடைகிறது. பிள்ளைகளுக்கு ஒன்றைக் கட்டாயம் சொல்லிவையுங்கள்: கிழங்கு முதல் விதை வரை அச்செடி முழுவதும் கொடிய நஞ்சு, ஒரு துண்டேனும் வாயில் படக்கூடாது. ஆயினும் அதே நஞ்சிலிருந்து பிரித்தெடுக்கும் கொல்கிசின், மருத்துவர் அளந்து கொடுக்கும்போது, கவுட் என்னும் மூட்டு நோய்க்கு மருந்தாகிறது. நவம்பரில் இந்தப் பூவைக் கண்டதும் நம் வீடுகளில் எழும் நினைவுகள் பல, கண்கலங்குவோரும் உண்டு. அந்த நினைவுகளோடும் அதன் முன்னே நில்லுங்கள். கல்லறைத் திருநாளின் மாதத்தில் அது பொருத்தமான நிலையே.

வெளியான இடத்திலே தும்பிகள் கூட்டமாய்ப் பறக்கும். அவற்றுள் மஞ்சள் கலந்த நிறத்தில், ஓயாது காற்றில் மிதக்கும் ஒரு வகை உண்டு. மாலைதீவில் வசித்த உயிரியலாளர் சார்ள்ஸ் அண்டர்சன், நன்னீர்க் குளங்கள் அரிதாகிய அத்தீவுகளுக்கு ஒக்டோபர் மாதத்தில் இத்தும்பிகள் ஆயிரக்கணக்கில் வருவதேன் என்று ஆண்டுக்கணக்காய்க் கவனித்துவந்தார். இந்தியப் பக்கத்திலிருந்து வடகீழ்ப் பருவக்காற்றோடு கடலைக் கடந்து, அவை கிழக்கு ஆபிரிக்காவரை செல்கின்றன என்ற தம் முடிவை 2009ஆம் ஆண்டில் வெளியிட்டார். போய்வரும் தூரம் 14,000 கிலோமீற்றருக்கும் மேல் என்பது கணிப்பு. ஒரே தும்பி அதை முடிப்பதில்லை; நான்கு தலைமுறைகள் சேர்ந்து முடிக்கின்றன. புறப்பட்டது ஒன்று, திரும்பி வருவது அதன் வழித்தோன்றல். வாலில் நூல் கட்டி நாம் விளையாடிய உயிர் அது! மழைநீர்த் தேக்கங்களிலே அதன் குஞ்சுகள் நுளம்புக் குடம்பிகளைத் தின்கின்றன. வளர்ந்த தும்பி நுளம்பையே பிடித்துத் தின்கிறது. டெங்குக் காய்ச்சலுக்கு அஞ்சும் மாதங்களில் இவ்வுதவியை நினைப்பவர் எத்தனை பேர்?

எரேமியா கண்ட வானம்

மாலை ஆறு மணிக்கு உங்கள் வளவின் பற்றைக்குள்ளிருந்து இரண்டு சுருதியில் ஒரு சீழ்க்கை கேட்கிறதா? அது ஆறுமணிக் குருவி. பச்சை முதுகும், மங்கிய பொன்னிற மார்பும், வாலின் அடியிலே குங்குமச் சிவப்பும் கொண்ட இச்சிறு பறவை, இமயத்தின் அடிவாரக் காடுகளிலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இந்த மாதங்களில் நம் தீவை நாடி வருகிறது. நீண்ட வழியில் களைத்துச் சோர்ந்து, வழிதவறி, வீட்டு முற்றங்களில் விழுந்து கிடப்பதும் உண்டு. சித்திரை அளவில் திரும்பிவிடும். அதற்கு நாட்காட்டி கொடுத்தவர் யார்?

இறைவாக்கினர் எரேமியா இதே கேள்வியைக் கேட்டவர். நாரையும் புறாவும் தகைவிலானும் தாம் வரவேண்டிய காலத்தை அறிந்து தவறாமல் வருகின்றன. என் மக்களோ ஆண்டவரின் நீதியை அறியவில்லை என்ற கருத்தில் அவர் புலம்பியதைத் தம் நூலின் எட்டாம் அதிகாரத்தில் காணலாம். ஏட்டைப் படித்து அவர் சொன்னதன்று. ஐரோப்பாவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் ஆபிரிக்காவுக்குச் செல்லும் பறவைகளின் பெருவழி பாலஸ்தீன நாட்டின் மேலாகவே போகிறது. எரேமியா அண்ணாந்து பார்த்தவர். பார்த்ததனால்தான் அவர் வாயில் அந்த வார்த்தை பிறந்தது.

கடைசி விடுதி

நம் தலைக்கு மேலும் அப்படியொரு பெருவழி உண்டு. சைபீரியா, மத்திய ஆசியா முதலிய வடதேசங்களிலிருந்து தெற்கே வரும் பறவைகளின் மத்திய ஆசியப் பறப்புப் பாதை நம் தீவிலேதான் முடிவடைகிறது. வால் ஊசிபோல் நீண்ட காட்டுத் தாராக்களும், நீண்ட அலகுடைய சேற்றுப் பறவைகளும் மன்னார்ப் பக்கம் வந்து இறங்குகின்றன. பூநாரைகளையும் அங்கே காணலாம். வங்காலைச் சரணாலயம் 2010ஆம் ஆண்டில் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. கட்டுக்கரைக் குளமும், 1938இல் பறவைகள் சரணாலயமாகி 2015இல் தேசிய பூங்காவாக உயர்ந்த சுண்டிக்குளமும், யாழ்ப்பாணக் கடனீரேரியும் இவ்விருந்தாளிகளுக்கு இடம் கொடுப்பவை.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். நம் தீவுக்கு நேர் தெற்கே தென்துருவக் கண்டம் வரை வெறும் கடல். ஆகவே இங்கே இடமில்லை என்று சொன்னால், அப்பறவைகளுக்குப் போக வேறு இடமில்லை. நாம் வழிநடுவில் உள்ள சத்திரமல்ல, கடைசி விடுதி. பெத்லகேமில் ஒரு விடுதி கதவடைத்ததை ஒவ்வொரு நத்தாருக்கும் நினைவுகூருகிற நாம், இதை எளிதாய்த் தள்ளிவிடலாமா?

விருந்தாளியின் நிலை என்னவென்று பிறர் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டின் ஒக்டோபரிலே வடபகுதி முஸ்லிம் மக்கள் தம் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதோடு தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். இவையெல்லாம் பறவைகள் வந்திறங்கும் இதே பருவத்தில் நிகழ்ந்தவை. திறந்த கதவு ஒன்றின் அருமையை அறிந்த மக்கள் நாம். அப்படிப்பட்ட நாமே குளங்களை மண்போட்டு நிரவி, தரவைகளில் குப்பை கொட்டி, வேலியோரப் பூண்டுகளுக்கெல்லாம் களைநாசினி அடித்து, வந்த பறவையை இறைச்சிக்காகக் கண்ணி வைத்துப் பிடித்தால் அது தகுமா? மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் 30 காற்றாலைகள் திறந்துவைக்கப்பட்டன. புகையில்லா மின்சாரம் நல்லதுதான். ஆனால் அத்தகைய வேலைகளை எங்கே வைப்பது, பறவைகளின் வழி எது என்று கேட்கும்போது, வருடந்தோறும் கரையில் நின்று பார்த்தவரின் சாட்சியம் வேண்டும். பாராத ஊருக்குச் சாட்சி ஏது?

பசித்தவனுக்குப் பூ எதற்கு?

இப்படி ஒருவர் கேட்கக்கூடும், நியாயமான கேள்விதான். ஆனால் ஆண்டவர் அவ்வார்த்தைகளைச் சொன்னது ஓய்வும் செல்வமும் உள்ளவர்களிடமல்ல. நாளைய சாப்பாடு நிச்சயமில்லாத கலிலேயாவின் ஏழைகளிடம் சொன்னார். கவலை கொண்ட மனம் தன்னையே சுற்றிச் சுற்றிப் பார்க்கும். வேறெதுவும் அதன் கண்ணில் படாது. கால்மணி நேரம் ஒரு பூவையோ பறவையையோ ஊன்றிப் பார்க்கிறவன், அந்தக் கால்மணி நேரமாவது தன்னைவிட்டு வெளியே வருகிறான். அங்கே, தன்னைக் கேளாமலே ஒருவர் உலகை நடத்திக்கொண்டிருப்பதைக் காண்கிறான். எனவே இரண்டாவது கட்டளையே முதலாவதற்கு வழி. கவலையை விடு என்று சொல்லிவிட்டு நம்மை வெறுங்கையோடு அனுப்பவில்லை ஆண்டவர். விடுவதற்கான பயிற்சியையும் உடன் தந்தார்.

இன்னொன்றையும் நாம் தெளிவாய் உணரவேண்டும். பறவைகளுக்குத் துன்பமே இல்லை என்று ஆண்டவர் சொல்லவில்லை. கடல் கடக்கும் தும்பிகளில் எத்தனையோ கடலில் விழுகின்றன. ஆறுமணிக் குருவி முற்றத்தில் சோர்ந்து விழுகிறது. அதே மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில், காசுக்கு இரண்டாய் விற்கும் சிட்டுக்குருவியைப் பற்றி அவர் பேசும்போது, அது விழாது என்று உறுதி கூறவில்லை. தந்தையை விட்டு விலகி, அவர் அறியாமல் விழாது என்றே உறுதி கூறுகிறார். இறைவனின் பராமரிப்பு என்பது முதலில் இறைவனின் கவனிப்பு. கல்லறைகளுக்கு மெழுகுதிரி கொண்டுபோகும் இந்த மாதத்தில், கல்லறையேனும் கிடையாத பிள்ளைகளுக்காக இன்னும் காத்திருக்கும் தாய்மார் வாழும் நம் நாட்டில், இதைவிடப் பெரிய ஆறுதல் வேறெங்கே? எவருடைய கண்ணிலும் படாமல் விழுந்தவர்கள் அவருடைய கண்ணில் பட்டே விழுந்தார்கள். சிறு உயிரொன்றைக் கவனிக்கும்போது, அந்தத் தந்தையின் பார்வையிலே நாமும் சிறிது பங்குகொள்கிறோம்.

பெயரிடும் பணி

படைப்பின் தொடக்கத்திலே மனிதனுக்கு இறைவன் கொடுத்த பணிகளில் ஒன்று உயிர்களுக்குப் பெயரிடுவது. நம் பிள்ளைகளோ அந்நிய தேசத்து மிருகங்களின் பெயரை அறிவார்கள். முற்றத்துப் புலுனியையும், மாமரத்து மாம்பழத்தியையும், வேலியின் முசுட்டையையும், தரையில் நீலப்பொட்டாய்ப் பூக்கும் விஷ்ணுகிராந்தியையும் அறியார்கள். பெயர் தெரியாத ஒன்று மறைந்துபோனால், மறைந்தது என்பதே தெரியாமற் போகும். தம்பளப் பூச்சியை அண்மையில் எப்போது கண்டீர்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். புனித அசிசி பிரான்சிஸ்குவை 1979ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சூழலியலின் பாதுகாவலராக அறிவித்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சி' என்ற சுற்றுமடலிலே, நம் பிள்ளைகள் ஒருநாளும் காணாதபடி உயிரினங்கள் ஆண்டுதோறும் மறைவதை எண்ணி வருந்தினார். திருச்சபை நமக்குச் சொல்லாமல் விடவில்லை.

ஆகவே இந்த மாரியில் ஒரு சிறு முயற்சி செய்வோம். ஞாயிறு திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியிலே, மழை விட்டிருந்தால், கால்மணி நேரம் பிள்ளைகளோடு ஒரு குளக்கரையிலோ தரவையிலோ வேலியோரத்திலோ நில்லுங்கள். பிடிக்க வேண்டாம், பறிக்க வேண்டாம், பாருங்கள். கண்டதை ஒரு கொப்பியில் திகதியிட்டு எழுதச் சொல்லுங்கள். பெயர் தெரியாவிட்டால் பாட்டியைக் கேளுங்கள், தோட்டக்காரரைக் கேளுங்கள், கடற்றொழிலாளரைக் கேளுங்கள். அவர்களிடம் பெயர்கள் இன்னும் இருக்கின்றன. மறைக்கல்வி ஆசிரியர்கள் ஒரு வகுப்பையாவது மரநிழலில் நடத்தட்டும். அடுத்த வருடம் அதே வாரத்தில் அதே கொப்பியைத் திறந்து பாருங்கள். எது வந்தது, எது வரவில்லை என்பது தெரியும். வந்ததற்காக நன்றி செலுத்தலாம். வராததற்காக நாம் என்ன செய்யவேண்டும் என்று பங்காகக் கூடிப் பேசலாம்.

தும்பிக்கு வழிகாட்டி, குருவிக்குக் காலத்தை உணர்த்தி, மண்ணுக்குள் மறைந்த சிற்றுயிருக்கும் பட்டுடுத்தும் இறைவன், நம் கண்களைத் திறந்து, நம் கவலைகளைத் தாமே ஏற்று, நம் இல்லங்களையும் ஊர்களையும் ஆசீர்வதிப்பாராக.