யாரால் என்னும் இடம்

பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் வாய்ஸ் மாற்றி எழுதச் சொல்லி இரண்டு மதிப்பெண் கேள்வி ஒன்று வரும். ரிஷிவந்தியத்தில் என்னிடம் மாலையில் படிக்க வரும் பிள்ளைகள் இலக்கணத்தில் விரும்பிச் செய்வது அதைத்தான். வழி பிடிபட்டுவிட்டால் கணக்கைப் போல விடை விழுந்துவிடும். ஆப்ஜெக்ட்டை முன்னால் கொண்டுவா. காலத்தைப் பார்த்து ஈஸ், ஆர், வாஸ், வேர் போடு. வினையின் மூன்றாம் வடிவத்தை எழுது. ஒரு 'பை' போட்டு, செய்தவரைக் கடைசியில் வை. 'மை மதர் குக்ஸ் ரைஸ்' என்பது 'ரைஸ் ஈஸ் குக்ட் பை மை மதர்' ஆகிவிடும். 'ஹி' வந்தால் 'ஹிம்', 'தே' வந்தால் 'தெம்'. நடந்துகொண்டிருக்கும் செயலென்றால் 'பீயிங்' சேர்க்க மறப்பார்கள். எழுத எழுத அதுவும் சரியாகிவிடும்.

நான் நின்று யோசிப்பது இதற்கு அடுத்த விதியில். செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலும், சொல்லத் தேவையில்லை என்றாலும் 'பை'யிலிருந்து கடைசிவரை விட்டுவிடலாம். 'சம்படி ஸ்டோல் மை பென்' என்பதை 'மை பென் வாஸ் ஸ்டோலன்' என்று எழுதினால் போதும், முழு மதிப்பெண். பிள்ளைகளுக்கு இந்த விதி பிடிக்கும், எழுதுவது குறைகிறதே. ஆனால் தேவையில்லை என்று முடிவுசெய்வது யார்? வாக்கியத்தை எழுதுகிறவர். பல நேரங்களில் காரியத்தைச் செய்தவரும் அவரே.

செய்தவரை விட்டுவிட்டுப் பேசுவது இங்கிலீஷ்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். செயப்படுபொருளையே ஏதோ அது செய்தது போலச் சொல்வதும் வழக்கில் உண்டு என்று தொல்காப்பியம் வினையியலில் ஏற்றுக்கொள்கிறது. அதற்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணம் 'திண்ணை மெழுகிற்று'. திண்ணை தன்னைத் தானே மெழுகிக்கொண்டது போன்ற பேச்சு அது. அதைப் படிக்கும்போதெல்லாம் சாணியைக் கரைத்து, குனிந்து, கையை வீசி மெழுகிய பெண் என் கண்ணில் நிற்பாள். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒளிந்துகொள்ள அவளுக்கு ஒரு காரணமும் இல்லை. வேலையைச் செய்தாள், வாக்கியத்தில் இடம் கிடைக்கவில்லை. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு போயிற்று என்கிறோம். வெட்டியவர் யார், கட்டுக் கட்டித் தலையில் தூக்கி ஏற்றியவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடக் கழிவறை சுத்தமாக இருந்தால் அது தானாகவே சுத்தமாக இருக்கிறது.

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு இந்த இடத்தில் எனக்குப் பெரிய ஆறுதல். தான் கொடுத்தது, தன் தமக்கை கொடுத்தது, தன் மனைவியர் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது என்று பிரித்துப் பிரித்துக் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். கோயில் எழுப்பப்பட்டது, கொடைகள் வழங்கப்பட்டன என்று முடித்துவிட அவனால் முடியாதா? தளிச்சேரிப் பெண்கள் என்ற கோயில் ஆடல்மகளிர் நானூறு பேரையும் எந்தத் தெருவில் எந்த வீட்டில் இருந்தவர் என்பதுவரை பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். பெருந்தச்சன் குஞ்சரமல்லனின் பெயரும் அங்கே இருக்கிறது. கல் சுமந்தவர்களின் பெயர் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் 'யாரால்' என்ற கேள்விக்கு அவ்வளவு கல்லை ஒதுக்கியவர்கள் அதை விட்டுவிடக்கூடிய சங்கதியாக நினைக்கவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அக்கம்பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் அன்றாடக் கூலி வேலை செய்தவர்கள். இங்கே அந்தச் செய்தி வந்து சேராத வீடு இல்லை. அடுத்த வருடம் வாய்ஸ் பாடம் நடந்தபோது ஒரு பெண் கேட்டாள்: "மிஸ், 'பீப்பிள் டைட் இன் கருணாபுரம்'னு எழுதினா, அதை பேசிவ்ல எப்படி மாத்துறது?"

மாற்ற முடியாது. 'டை' ஆப்ஜெக்ட் இல்லாத வினை. ஸ்லீப், கம், கோ எல்லாம் அதே இனம். ஆப்ஜெக்ட் இல்லாவிட்டால் முன்னால் கொண்டுவர ஒன்றுமில்லை, 'பை' போடவும் இடமில்லை. பாடத்துக்கு இந்த விடை போதும். அவளிடம் சொல்லிவிட்டேன். ஆனால் அன்று ராத்திரி முழுக்க அந்த வாக்கியம் என்னை விடவில்லை. பேசிவ் வாக்கியத்தில் செய்தவரை விட்டுவிட்டாலும் அவருடைய இடம் காலியாகக் கிடக்கும். 'கொல்லப்பட்டார்கள்' என்றால் யாராவது ஒருவர் யாரால் என்று கேட்கலாம். 'இறந்தார்கள்' என்னும்போது அந்தக் காலியிடமும் இல்லை. செய்தவர் யாரென்று இலக்கணத்தைக் கேட்டால் செத்தவரையே கைகாட்டும். குடித்தான், செத்தான் என்று ஊர் பேசியதும் அதே வாக்கியம்தான்.

மறுநாள் அந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து பிரித்தேன். மெத்தனால் என்றால் என்ன? தொழிற்சாலைகளில் பயன்படும் வேதிப்பொருள். உடம்புக்குள் போனால் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். அது தானாக நடந்து கருணாபுரத்துக்கு வராது. ஒருவர் தயாரித்தார், ஒருவர் விற்றார், ஒருவர் வண்டியில் ஏற்றினார், ஒருவர் கலந்தார், ஒருவர் பாக்கெட்டில் அடைத்தார், ஒருவர் கையில் கொடுத்துக் காசு வாங்கினார், பார்க்க வேண்டியவர் பார்க்காமல் விட்டார். எல்லாமே ஆப்ஜெக்ட் உள்ள வினைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு 'பை' உண்டு. அந்தப் பெயர்களை எழுதுவது என் வேலையல்ல. 2024 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. எழுத வேண்டியவர்கள் எழுதட்டும். இடம் இருக்கிறது என்று பிள்ளைகள் பார்த்தால் போதும் எனக்கு.

பெயர் போட அவசரப்படுவதும் ஆபத்துதான். அந்த நாட்களில் டீக்கடைப் பேச்சில் "மலைச் சாராயம்" என்றார்கள் சிலர். கல்வராயன் மலையில் ஊறல் போட்டுக் காய்ச்சுவது புதுக்கதை இல்லை, மறுக்கவில்லை. ஆனால் கருணாபுரத்தில் உயிரெடுத்தது ஊறல் பானையில் இறங்கிய சரக்கு அல்ல. 1976 வரை ஜாகீர்தார்கள் பிடியில் கிடந்த மலை அது. அங்கே இருக்கும் பழங்குடி மக்கள்மேல் எதைப் போட்டாலும் திருப்பிக் கேட்க ஆளில்லை என்ற பழக்கம் கீழே இருக்கும் எங்களுக்கு இன்னும் போகவில்லை. தெரியாதபோது இடத்தைக் காலியாக விடுவது நேர்மை. கையில் அகப்பட்டவரை அங்கே உட்கார வைப்பது அநியாயம்.

இன்னொரு வகையும் உண்டு. அம்மா "சோறு ஆயிடுச்சு, வாங்க" என்றுதான் கூப்பிடுவாள். நான் ஆக்கினேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. சில பேர் ஏழைப் பிள்ளைக்குப் பரீட்சைப் பணம் கட்டிவிட்டு, கட்டியாயிற்று என்று மட்டும் சொல்லிப் போய்விடுவார்கள். அவர்கள் தாங்களே விலகிக்கொண்டவர்கள், அது அவர்கள் உரிமை. அம்மா தன் பெயரை விடலாம். உட்கார்ந்து சாப்பிடும் நான் விடக்கூடாது. கெட்டதைச் செய்துவிட்டு விலகுவதற்கோ யாருக்கும் உரிமை இல்லை. விலகியவர் யார், விலக்கியவர் யார் என்று பார்த்துவிட்டால் எனக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

அரசுத் தமிழில்தான் இந்தக் குழப்பம் அதிகம். நடவடிக்கை எடுக்கப்படும், ஆவன செய்யப்படும், நிராகரிக்கப்படுகிறது. என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் பாட்டி முதியோர் உதவித்தொகைக்கு மனுக் கொடுத்துவிட்டு நெடுநாளாக ஒரு அலுவலகத்துக்கு நடக்கிறார். வந்த பதில் ஒரே வரி: தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டு வருகிறது. அந்த வரியைப் பலகையில் எழுதி, ஆக்டிவ் வாய்ஸில் மாற்றச் சொன்னேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டார்கள். சப்ஜெக்ட் இல்லாமல் எப்படித் தொடங்குவது?

அதைக் கேட்டு வாங்க வழி இருக்கிறது என்று சொன்னேன். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். வெள்ளைத்தாள் போதும், பத்து ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். பொதுத் தகவல் அலுவலருக்கு என்று மேலே எழுதி, பாட்டியின் மனு எந்தத் தேதியில் எந்த அலுவலரிடம் போனது, இன்று யாரிடம் இருக்கிறது, அவருடைய பெயரும் பதவியும் என்ன என்று பிள்ளைகளே கேள்விகளை வரிசையாக எழுதினார்கள். பாட்டி கையெழுத்துப் போடத் தெரியும் என்று சொல்லிப் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதை அவரிடமே கொடுத்திருக்கிறோம்.