செத்தவன் கொடுத்த வாக்கு

லினக்ஸ் சர்வரில் ஒரு ப்ராசஸ் செத்துப்போனாலும், அது அனுப்பக் கொடுத்துவிட்டுப் போன தரவு உடனே சாவதில்லை. எதிர்முனை "வந்துவிட்டது" என்று சொல்லும்வரை, அல்லது முயற்சிகள் தீரும்வரை, கெர்னல் அதைப் பிடித்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்க்கும். இப்படி ஆளில்லாமல் நிற்கும் சாக்கெட்டை அனாதை என்றே கெர்னல் கணக்கெழுதுகிறது.

அனாதைக்கும் இடம் எல்லா டிசிபி இணைப்புகளும் பகிரும் பொது மெமரியில்தான். அதற்கு வரம்பு வைக்கும் டிசிபி_மெம் என்ற அமைப்பில் மூன்று எண்கள். அலகு பைட் அல்ல, பக்கம். எங்கள் சர்வர்களில் ஒரு பக்கம் 4,096 பைட். உபயோகம் இரண்டாவது எண்ணைத் தாண்டினால் கெர்னல் கையை இறுக்கும். முதல் எண்ணுக்குக் கீழே இறங்கினால்தான் தளர்த்தும். மூன்றாவது உச்சவரம்பு. ஓர் அனாதை 64 கேபி வரை தின்னலாம், அதுவும் ஸ்வாப்புக்குத் தள்ள முடியாத மெமரி. 16,384 அனாதைகள் அப்படித் தின்றால் 1 ஜிபி காலி.

"அண்ணே, உயிரோட இருக்கற கனெக்‌ஷனுக்கே மெமரி பத்தல. செத்ததுக்கு எதுக்கு? அனாதை லிமிட்டைக் குறைச்சிடலாமே?" என்றான் கூட வேலை பார்க்கும் தம்பி.

வள்ளுவர் இல்வாழ்வானின் கடமைகளை அடுக்கும்போது தென்புலத்தாரை, அதாவது செத்துப்போன முன்னோரைத்தான் முதலில் வைக்கிறார். எங்கள் தாத்தா வைத்துவிட்டுப் போன நெல் கடனை அப்பா அடைத்தார். சீட்டு கிடையாது, வெறும் வாய்வார்த்தை. தர்மசாஸ்திரம் முன்னோர் கடனை அடைக்கும் இந்தக் கடமையைக் கொள்ளுப்பேரன் வரை இழுத்தது, நீதிமன்றங்களும் ஏற்றுக்கொண்டிருந்தன. 2005இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம்தான், அந்தப் புனிதக் கடமையை மட்டும் காரணம் காட்டிப் புதுக் கடன்களுக்கு வாரிசுகள்மேல் பாய முடியாது என்றது. நல்ல திருத்தம். பிறக்கும் முன்பே வாங்கிய கடனுக்குப் பேரன் கழுத்தில் துண்டு போடுவது அறமில்லை.

ஆனால் அப்பா அந்த நெல்லை அளந்தது தாத்தாவின் ஆத்மா கரையேறவா? அதை யார் கண்டது? கடன் கொடுத்தவர் அடுத்த தெருவில் உயிரோடு இருந்தார், அவ்வளவுதான். கெர்னலும் செத்த ப்ராசஸுக்குத் திவசம் செய்யவில்லை. பாதிக் கோப்போடு காத்திருப்பவன் எதிர்முனையில் இருக்கிறான். அவனுக்காகத்தான் அந்த 64 கேபி.

அதற்கும் எல்லை உண்டு. அனாதைகள் வரம்பை மீறினால் கெர்னல் இணைப்பை அறுத்து, எதிர்முனைக்கு ரீசெட் அனுப்பி, லாகில் ஒரு வரி எழுதிவைக்கும். கைவிட்டதை மறைக்காது. அந்த வரம்பு தாக்குதலைத் தடுக்க மட்டுமே, தேவையானால் கூட்டுங்கள், வீணாகக் குறைக்காதீர்கள் என்கிறது கெர்னல் ஆவணம். நான் குறைக்கவில்லை.

தம்பி விடவில்லை. எதிர்முனை மூடுவதற்காகக் காத்திருக்கும் நேரமான ஃபின் டைம்அவுட்டை 60 விநாடியிலிருந்து 30 ஆக்கலாமா என்றான். சரி என்றேன். அந்தக் கட்டத்தில் நாம் அனுப்ப வேண்டியதெல்லாம் போய்ச் சேர்ந்தாயிற்று. எதிர்முனை தன் பக்கத்தை மூடுவதுதான் பாக்கி. அதற்கு 30 விநாடி தாராளம்.