வட்டிக்கு வாங்கிய கவனம்

ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்லித் தொடங்குகிறேன். பக்கத்து ஊரில் சேரிக்காரர்களின் சுடுகாட்டுப் பாதையை மறித்து வேலி போட்டுவிட்டார்கள். மறுநாள் தாலுகா ஆபீஸ் முன்னால் ஆர்ப்பாட்டம். விடிவதற்குள் துண்டறிக்கை எழுதியாக வேண்டும். தோழர் ஒருவர் வீட்டுத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தோம். பதினோரு மணிக்கு சிகரெட் தீர்ந்துபோச்சு. பெட்டிக்கடையும் சாத்தியாகிவிட்டது. அதுவரை ஓடின பேனா நின்றுபோனது. ஒரு வரி எழுதுவேன், அடிப்பேன். 'வழி' என்று போடுவதா, 'பாத்தியதை' என்று போடுவதா என்பதற்கே அரைமணி நேரம் சண்டை.

தோழரின் அம்மா பீடி சுற்றுகிறவர். உள்ளே மடியில் முறத்தோடு உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்துக் கேட்டார்: "இன்னாப்பா, அது இல்லன்னா எழுத வராதா? நான் முப்பது வருசமா இந்தத் தூள்லதான் கெடக்குறேன். எனக்கு இருமல்தான் வந்துச்சு, யோசனை ஒண்ணும் வரலியே." சிரித்தோம். அவர் முறத்திலிருந்து நாலு பீடி எடுத்துக் கொடுத்தார். எண்ணிக்கை குறைந்தால் அவர் கூலியில் கழியும் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பீடி பற்றியது, பேனா ஓடியது. உழைப்பைச் சுரண்டுகிறவர்களைப் பற்றி அந்தத் துண்டறிக்கையில் ஒரு பத்தி இருந்தது.

அதை எழுதியது நானா, பீடியா?

கேலியாகத் தோன்றலாம். ஆனால் சொந்த யோசனை, சுயசிந்தனை என்று மேடைதோறும் பேசுகிற நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விதான் இது. அறிவியலிடம் ஒரு பதில் இருக்கிறது. புகையை இழுத்த பத்து இருபது நொடிக்குள் நிகோடின் மூளைக்குப் போய்விடுகிறது. கவனத்துக்கும் விழிப்புக்கும் வேண்டிய அசிட்டைல்கோலின் என்ற பொருளை நம் உடம்பே சுரக்கிறது. அது வந்து உட்கார வேண்டிய இடங்கள் சிலவற்றில் நிகோடின் போய் உட்கார்ந்துகொள்கிறது. தினமும் இது நடந்தால் மூளை தன்னை மாற்றிக்கொள்கிறது, அந்த இடங்களின் எண்ணிக்கை கூடுகிறது. ரத்தத்தில் இருக்கும் நிகோடினோ ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். குறையக் குறைய எரிச்சல், படபடப்பு, எதிலும் மனசு நிற்காமை. அடுத்ததைப் பற்றவைத்ததும் அடங்குகிறது. 'ஆகா, மூளை தெளிஞ்சுது' என்கிறோம்.

தெளிந்தது நிஜம். எதிலிருந்து தெளிந்தது? பழக்கமே இல்லாத ஒருவன் சும்மா இருக்கும்போது எங்கே இருக்கிறானோ, பெரும்பாலும் அந்த இடத்துக்குத்தான் நாம் திரும்பி வருகிறோம். பறித்துக்கொண்டதைத்தான் அது திருப்பிக் கொடுத்தது.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதில்லை. என் தாத்தா படியாளாக இருந்தவர். அறுப்பில் அவருக்கு அளக்க வேண்டியதைக் குறைத்துவிட்டு, ஆடி மாசம் அடுப்பு எரியாதபோது அதே நெல்லில் ஒரு மூட்டையைக் கடனாகத் தருவார் ஆண்டை. தையில் ஒன்றரை மூட்டையாகத் திருப்பணும். சாகிற வரைக்கும் தாத்தா சொன்னது, "ஆண்டை இல்லன்னா நாமெல்லாம் பஞ்சத்துல போயிருப்போம்" என்பதுதான். பஞ்சத்தை உண்டாக்கினவனையே படியளந்தவனாக நினைக்க வைப்பதுதான் அடிமைத்தனத்தின் சூட்சுமம் என்று நான் மேடையில் பேசியிருக்கிறேன். பேசிவிட்டுக் கீழே இறங்கிப் பற்றவைத்திருக்கிறேன். 'இது இல்லன்னா எனக்கு எழுத்து வராது' என்று நான் சொன்னதும் தாத்தா சொன்னதும் ஒரே வாக்கியம்.

உவமையை ரொம்ப இழுக்கக் கூடாது. தாத்தாவுக்கு வேறு வழி வைக்கப்படவில்லை. நான் மீசை அரும்புகிற வயதில் நானே காசு கொடுத்து வாங்கினேன். ஆனால் விற்றவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது. தாங்கள் விற்பது அடிமைப்படுத்தும் மருந்தான நிகோடினைத்தான் என்று ஓர் அமெரிக்க சிகரெட் கம்பெனியின் வழக்கறிஞர் 1963லேயே உள்குறிப்பில் எழுதிவைத்தார். 1994ல் அந்நாட்டு நாடாளுமன்றக் குழு முன்னால் ஏழு கம்பெனித் தலைவர்கள் கையுயர்த்திச் சத்தியம் செய்துவிட்டு, நிகோடின் அடிமைப்படுத்துவதாகத் தாங்கள் நம்பவில்லை என்றார்கள். தெரிந்தவன் தெரியாதவனுக்கு விற்ற இடத்தில் 'அவனவன் விருப்பம்' என்ற வாதம் அவ்வளவு சுத்தமானதில்லை.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 41 ஆய்வுகளைத் தொகுத்து 2010ல் வெளியான ஒரு மதிப்பீடு, புகை கிடைக்காத தவிப்பு இல்லாதவர்களிடமும் நிகோடின் கவனத்தையும் குறுகியகால நினைவையும் கொஞ்சம் கூட்டுகிறது என்கிறது. ஆக, முழுக்கவே பொய்த் தெளிவு என்று சொல்வதற்கில்லை. ஆனால் லண்டன் அரசு ஊழியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2012ல் வெளியான ஆய்வில், புகைபிடிக்கும் ஆண்களுக்கு நடுவயதில் நினைவும் யோசிக்கும் திறனும் வேகமாகத் தேய்ந்ததாகத் தெரிந்தது. அந்த நேரத்துக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, ஆயுசில் வாங்கிக்கொள்கிறது. வட்டிக்கடை என்பது வேறென்ன?

பிறகு ஏன் விட முடியவில்லை? உடம்பின் பிடி மட்டும் காரணமில்லை. 1943ல் வந்த 'இருப்பும் இன்மையும்' நூலில் சார்த்தர் தான் புகையை விட முயன்றதைப் பற்றி எழுதுகிறார். புகை இல்லாமல் நாடகம் பார்ப்பதும் காலையில் வேலை செய்வதும் சாப்பாடும் ருசி கெட்டுவிடுமே என்று பயந்தாராம். புகைப்பது உலகத்தையே தனதாக்கிக்கொள்ளும் சடங்காக இருந்தது என்பது அவர் விளக்கம்.

இது நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். உலகத்தில் ஒரு செண்டு நிலமும் தனதில்லாதவன் வேறு எதைத் தனதாக்கிக்கொள்வான்? எத்தனையோ ஊர்களில் ஆண்டை எதிரே வந்தால் பீடியைக் கையில் பொத்தி மறைக்கணும். மறைக்காமல் டீக்கடை வாசலில் ஊதிக்கொண்டு நின்ற முதல் பையனுக்கு அது வெறும் புகை இல்லை. அதற்காக அடிபட்டவர்களும் உண்டு. அதனால் 'கெட்ட பழக்கம்' என்று சேரியைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறவர்களோடு நான் சேர மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. செங்கல் சூளையில், கழனியில் ஆம்பிளை 'ஒரு பீடி குடிச்சுட்டு வரேன்' என்றால் பத்து நிமிஷம் விடுவார்கள். 'சும்மா கொஞ்சம் உக்காருறேன்' என்றால் விட மாட்டார்கள். நாற்று நடும் பெண்ணுக்கு அந்தப் பத்து நிமிஷமும் கிடையாது. அந்தத் தெளிவில் நிகோடினுக்கு எவ்வளவு பங்கு, குந்தி மூச்சு விட்டதற்கு எவ்வளவு பங்கு? ஓய்வு உரிமை. அதைப் புகையின் பேரைச் சொல்லித் திருட வேண்டியிருந்தது. நன்றியை மட்டும் புகைக்குச் செலுத்திவிட்டோம்.

நான் விட்டுச் சில வருஷமாகிறது. இதில் வீரம் ஒன்றுமில்லை. முதல் மூன்று வாரம் ஒரு பக்கம் சேர்ந்தாற்போலப் படிக்க முடியவில்லை. மூளையே போச்சு என்று பயந்தேன். அப்புறம் மெல்லத் திரும்பி வந்தது, யாரிடமும் கடன் வாங்காமல். தோழர்களுக்கு உத்தரவு போட இதைச் சொல்லவில்லை. யார் கொடுத்தது, யார் பறித்தது என்று எல்லா இடத்திலும் கணக்குக் கேட்கிற நாம் நம் விரலிடுக்கிலும் கேட்போம் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்தத் துண்டறிக்கையை எழுதியது நாங்கள்தான். கோபமும் வார்த்தையும் எங்களுடையவை. பீடி அவற்றை மறித்து வைத்திருந்து வழிவிட்டது, அவ்வளவுதான். ஒன்றை மட்டும் எழுதாமல் விட்டோம். ஒரு பீடியும் வாயில் வைக்காமலேயே தூளின் வழியாகவும் தோலின் வழியாகவும் அந்த நிகோடினை உடம்பில் வாங்கிக்கொண்டு, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிற பெண்கள் எங்கள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் கவனம் அவ்வளவு கூர்மையாக இருந்த அந்த ராத்திரியில் அது கண்ணில் படவில்லை. நாலு பீடிக்கான கூலியை நான் இன்னும் அந்த அம்மாவுக்குக் கொடுக்கவில்லை.